ஒன்றரை மணி நேரத்தில் ஒரு கார்: 1920களின் அமெரிக்கச் செழிப்பு எப்படி ஓடியது, ஏன் நின்றது

1920ல் அமெரிக்காவில் பதிவாகியிருந்த பயணிகள் கார்கள் ஏறத்தாழ 81 லட்சம். 1929ல் அந்த எண்ணிக்கை 2 கோடியே 30 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அந்த ஒன்பது ஆண்டுகளில் தொழிலாளியின் கூலி ஓரளவு உயர்ந்தது உண்மை. ஆனால் மூன்று மடங்கு ஆகவில்லை, அதற்குக் கிட்டத்தில்கூட வரவில்லை. பிறகு கார் மட்டும் எப்படி மூன்று மடங்கு ஆனது? இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே அமெரிக்கா கண்ட அந்தப் பெரும் செழிப்பைப் புரிந்துகொள்ள இந்த ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு போனாலே போதும்.

பதிலில் இரண்டு பாதி உண்டு. பொருளின் விலை இறங்கியது ஒன்று. கையில் இல்லாத பணத்தைக் கொண்டு வாங்க வழி பிறந்தது இன்னொன்று. பள்ளிப் பாடம் பெரும்பாலும் முதல் பாதியோடு நின்றுவிடும். இரண்டாவதைப் பார்க்காவிட்டால் செழிப்பு ஏன் நின்றது என்பது கடைசிவரை விளங்காது.

விலை எப்படி இறங்கியது

பழைய தொழிற்சாலையில் ஒரு பெரிய நீராவி எஞ்சின் இருக்கும். அதிலிருந்து கூரையை ஒட்டி நீளமான இரும்பு ஷாஃப்ட் ஓடும். ஒவ்வொரு இயந்திரத்துக்கும் அந்த ஷாஃப்டிலிருந்து தோல் பெல்ட் இறங்கும். ஆகவே லேத் எங்கே நிற்க வேண்டும், துளையிடும் இயந்திரம் எங்கே நிற்க வேண்டும் என்பதைத் தீர்மானித்தது ஷாஃப்ட்தான். வேலையின் வரிசை எப்படி இருந்தாலும் பொருளைத் தூக்கிக்கொண்டு இயந்திரம் இருக்கும் இடத்துக்கு ஓட வேண்டும். ஓர் இயந்திரம் மட்டும் ஓட வேண்டுமென்றாலும் முழு ஷாஃப்டும் சுற்ற வேண்டும்.

ஒவ்வொரு இயந்திரத்துக்கும் தனி மின்மோட்டார் வந்தபோது இந்தக் கட்டு அறுந்தது. எந்த வேலைக்குப் பின் எந்த வேலையோ அந்த வரிசையிலேயே இயந்திரங்களை நிறுத்தலாம். 1919ல் அமெரிக்கத் தொழிற்சாலைகளின் இயந்திர விசையில் பாதியளவு மின்சாரத்தில் ஓடியது. பத்தாண்டு கழித்து ஐந்தில் நான்கு பங்கு அளவுக்கு வந்துவிட்டது. 1920களில் ஒரு தொழிலாளி ஒரு மணி நேரத்தில் செய்யும் உற்பத்தி ஆண்டுக்குச் சராசரி 5 சதவீதத்துக்கு மேல் உயர்ந்ததற்கு கார் உற்பத்தியாளர் ஹென்றி ஃபோர்டின் கன்வேயரைவிட, அதாவது பொருளை நகர்த்திக்கொண்டே போகும் அமைப்பைவிட, இந்தச் சின்ன மோட்டார்களே பெரிய காரணம் என்பது என் கருத்து. கன்வேயர் படத்தில் அழகாகத் தெரியும், மோட்டார் தெரியாது. அதனால்தான் அதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

அடுத்தது உதிரிபாகம். பொருள் நகர, வரிசையாக நிற்பவர்கள் ஆளுக்கொரு பாகமாகப் பொருத்தும் அசெம்பிளி லைனுக்கு முதல் நிபந்தனை, எந்தப் பாகமும் அராவாமல் பொருந்த வேண்டும் என்பது. பழைய கார் பட்டறையில் ஃபிட்டர் கையில் அரம் இருக்கும். பிஸ்டன் கொஞ்சம் பெரிதாக இருந்தால் தேய்த்து உள்ளே விடுவார். ஓடும் லைனில் அப்படி ஒருவர் நின்று அராவினால் அவருக்குப் பின்னால் இருக்கும் அத்தனை பேரும் கை கட்டி நிற்க வேண்டியதுதான். ஆகவே கன்வேயருக்கு முன்பாகத் துல்லியமான அளவுக் கேஜ்களும், ஒரே வேலையைப் பிசகாமல் செய்யும் தனி இயந்திரங்களும் தேவைப்பட்டன. இதில் செலவு அதிகம். அந்தச் செலவு பின்னால் எப்படிக் கழுத்தைப் பிடித்தது என்பதைப் பிறகு பார்ப்போம்.

மிச்சிகன் மாநிலம் ஹைலண்ட் பார்க்கில் இருந்த ஃபோர்டு ஆலையில் 1913 வசந்தத்தில் முதலில் சோதித்துப் பார்த்தது முழுக் காரை அல்ல, மாக்னெட்டோ என்ற ஒரு பாகத்தை. எஞ்சினுக்குத் தீப்பொறி கொடுக்கும் மின்னாக்கி அது. ஃப்ளைவீலில் 16 காந்தங்களைப் பொருத்திச் செய்வார்கள். அதுவரை ஒரே ஆள் மேசையில் உட்கார்ந்து முழுவதையும் முடிக்க 20 நிமிடம் ஆகும். அந்த வேலையை 29 சிறு வேலைகளாகப் பிரித்து 29 பேரை வரிசையாக நிறுத்தினார்கள். ஒருவர் ஒரு காந்தத்தை வைப்பார், அடுத்தவர் இரண்டு நட்டு முறுக்குவார், பொருள் நகர்ந்துபோகும். நேரம் 13 நிமிடம் 10 விநாடிக்கு இறங்கியது. மறு ஆண்டு லைனை 8 அங்குலம் உயர்த்தினார்கள். குனிய வேண்டிய அவசியம் போனதும் 7 நிமிடம் ஆனது. வேகத்தைக் கூட்டியும் குறைத்தும் பார்த்து 5 நிமிடத்துக்குக் கொண்டுவந்தார்கள். முதுகு குனிவது எவ்வளவு நேரத்தைத் தின்கிறது என்று அளந்து பார்த்த இந்தக் கவனம்தான் பெருவாரி உற்பத்தியின் உயிர்.

1913லேயே சேசிஸுக்கும், அதாவது காரின் அடிச்சட்டத்துக்கும், இதைச் செய்தார்கள். கயிறு கட்டி இழுத்து, ஆட்கள் கூடவே நடந்தபடி பாகங்களைப் பொருத்தினார்கள். 12 மணி நேரத்துக்கு மேல் எடுத்த வேலை ஆறு மணி நேரத்துக்குள் வந்தது. 1914ல் சங்கிலி இழுக்கும் லைன் வந்து, ஆள் நிற்க வண்டி நகரத் தொடங்கியதும் 93 நிமிடம். 1908ல் 850 டாலருக்கு வெளிவந்த மாடல் டி கார் 1916ல் 360 டாலர், 1920களின் நடுவில் 290 டாலர்.

இங்கே ஒரு கணக்கைப் போட்டுப் பார்த்துவிட வேண்டும். கேஜ், தனி இயந்திரம், கட்டடம் எல்லாம் சேர்த்து ஓர் ஆலைக்கு ஆண்டுச் செலவு 10 லட்சம் டாலர் என்று வைத்துக்கொள்வோம். கார் விற்றாலும் விற்காவிட்டாலும் இந்தச் செலவு உண்டு. 10,000 கார் செய்தால் ஒவ்வொரு காரின் தலையிலும் 100 டாலர் விழும். ஒரு லட்சம் கார் செய்தால் 10 டாலர்தான். விலை குறைவதன் ரகசியம் முழுக்க இதில்தான் இருக்கிறது. ஆபத்தும் இதிலேயே இருக்கிறது. விற்பனை பாதியானால் ஒவ்வொரு காரின் அடக்கவிலையும் ஏறும். ஏறிய விலையில் இன்னும் குறைவாக விற்கும். நிறைய விற்றால் மட்டுமே பிழைக்க முடிகிற ஆலை அது.

ஆட்கள் விஷயத்திலும் ஒரு சிக்கல் வந்தது. நாள் முழுக்க இரண்டு நட்டு முறுக்குவதை மனிதர்கள் பொறுக்கவில்லை. சுமார் 14,000 பேர் வேலை செய்த ஆலைக்கு 1913ல் மட்டும் 52,000 பேருக்கு மேல் எடுக்க வேண்டியிருந்தது. வந்தவர்கள் வேலையை விட்டுப் போய்க்கொண்டே இருந்தார்கள். புதிய ஆள் லைனில் தடுமாறினால் லைனே தடுமாறும். 1914 ஜனவரியில் ஃபோர்டு நாள் கூலியை, தகுதி பெற்றவர்களுக்கு, ஏறக்குறைய இரட்டிப்பாக்கி 5 டாலர் என்று அறிவித்ததும், வேலை நேரத்தை 9 மணியிலிருந்து 8 மணியாக்கியதும் இதற்காகத்தான். தன் தொழிலாளியே தன் காரை வாங்கட்டும் என்று கொடுத்ததாகச் சொல்வார்கள். ஆட்கள் ஓடாமல் இருக்கக் கொடுத்தது அது, கார் வாங்க முடிந்தது அதனால் விளைந்த நன்மை.

வாங்க வழி எப்படி வந்தது

லைன் ஆண்டு முழுவதும் ஒரே சீராக ஓட வேண்டும். ஆனால் கார் வாங்குபவர் அப்படி வாங்குவதில்லை. மண் சாலைகள் சேறாகும் குளிர்காலத்தில் யாரும் ஷோரூம் பக்கம் வரமாட்டார்கள். வசந்தத்திலும் கோடையிலும் கூட்டம் அலைமோதும். குளிர்காலத்தில் செய்த கார்களை அதுவரை எங்கே வைப்பது? ஆலையில் இடமில்லை. ஆகவே டீலர் தலையில் கட்டினார்கள். டீலரோ கார் இறங்கியவுடன் ஆலைக்கு ரொக்கம் கட்ட வேண்டும். அவ்வளவு பணம் அவரிடம் இல்லை, வங்கிகளோ ஆடம்பரப் பொருளுக்குக் கடன் தர யோசித்தன.

ஃபோர்டின் போட்டி நிறுவனமான ஜெனரல் மோட்டார்ஸ் 1919ல் தனக்கென்று ஒரு கடன் நிறுவனத்தை, ஜிஎம்ஏசியை, தொடங்கியதற்கு இந்தச் சரக்குத் தேக்கமும் ஒரு முக்கியக் காரணம். முதலில் டீலருக்குக் கடன், கூடவே வாங்குபவருக்குத் தவணை. கடன் நிறுவனம் இல்லாத ஃபோர்டு என்ன செய்தது என்பதையும் பார்க்கலாம். முதல் உலகப் போருக்குப் பிந்தைய விலைச் சரிவில் விற்பனை படுத்தபோது, 1921 தொடக்கத்தில் கேட்காத கார்களை டீலர்களுக்கு அனுப்பி ரொக்கம் கேட்டது. டீலர்கள் உள்ளூர் வங்கிகளில் கடன் வாங்கிக் கட்டினார்கள்.

தவணை எப்படி அமையும் என்பதை இன்றைய இஎம்ஐ கட்டுகிற யாரும் உடனே புரிந்துகொள்வார்கள். அன்றைய வழக்கம் மூன்றில் ஒரு பங்கு முன்பணம், மீதி 12 மாதத் தவணை. கணக்குக்காக 600 டாலர் கார் என்று கொள்வோம். முன்பணம் 200. மீதி 400, அதோடு கடன் கட்டணம் 40, ஆக 440. மாதத்துக்கு ஏறக்குறைய 37 டாலர். நாளுக்கு 5 டாலர் என்று மாதம் 25 நாள் உழைத்தால் வருமானம் 125. அதில் பத்தில் மூன்று பங்கு காருக்கே போகிறது.

அந்த 40 டாலரைக் கவனியுங்கள். 400க்கு 40 என்றால் 10 சதவீத வட்டி என்று தோன்றும். ஆனால் 400 டாலரும் உங்களிடம் ஓராண்டு இருப்பதில்லை, மாதாமாதம் திருப்பிக் கொடுத்துக்கொண்டே வருகிறீர்கள். சராசரியாகப் பார்த்தால் கையில் இருந்த கடன் 217 டாலர் அளவுதான். அதற்கு 40 என்றால் உண்மையான வட்டி 18 சதவீதத்துக்கு மேல். ஃபிளாட் ரேட் என்று இன்றும் கடைகளில் சொல்லும் அதே கணக்கு. வாங்கியவர்களில் பெரும்பாலோர் இந்தக் கணக்கைப் போடவில்லை. மாதம் 37 கட்ட முடியுமா என்று மட்டும் பார்த்தார்கள்.

ஃபோர்டுக்குக் கடன் பிடிக்காது. 1923ல் வாரம் 5 டாலர் சேமிப்புத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தார். பணம் முழுவதும் சேர்ந்த பிறகுதான் கார் கிடைக்கும். நல்ல எண்ணம்தான், ஆனால் எடுபடவில்லை. எதிர்க்கடையில் இன்றே ஓட்டிக்கொண்டு போகலாம் என்னும்போது யார் காத்திருப்பார்கள்? 1920களின் நடுப்பகுதியில் கார்களில் நான்கில் மூன்று தவணையில்தான் விற்றன. ஃபோர்டும் 1928ல் கடன் நிறுவனம் தொடங்க வேண்டியதாயிற்று.

அதற்குள் ஆட்டம் மாறிவிட்டது. முதன்முறை கார் வாங்குபவர்கள் குறைந்து, பழையதைக் கொடுத்துப் புதியது வாங்குபவர்கள் பெருகினார்கள். அவர்களுக்கு மாடல் டியின் மலிவு ஓர் ஈர்ப்பே இல்லை. ஏழை வாங்க நினைத்தாலும், புதிய ஃபோர்டின் விலைக்கு மூன்று வருடம் ஓடிய நல்ல ப்யூக் கார் கிடைத்தது. ஜெனரல் மோட்டார்ஸின் தலைவர் ஆல்ஃபிரட் ஸ்லோன் இதை முதலில் கண்டுகொண்டார். செவர்லேயில் தொடங்கி கேடிலாக் வரை படிப்படியாக விலை, ஆண்டுதோறும் மாறும் தோற்றம், பழைய காருக்கு விலைக்கழிவு. நேற்று வாங்கிய கார் ஓடிக்கொண்டிருக்கும்போதே அது பழசு என்று தோன்ற வைப்பதுதான் அவருடைய முறை. டூபாண்ட் நிறுவனத்தின் டியூகோ என்ற விரைவில் உலரும் வண்ணப்பூச்சு 1923ல் காருக்கு வந்ததும் இதற்குத் துணையானது. அதுவரை வண்ணம் அடித்து உலர வாரக்கணக்கில் ஆகும். 1914 முதல் 1925 வரை மாடல் டி கறுப்பிலேயே வந்ததற்குக் காரணம், கறுப்புப் பூச்சு மலிவு, சூளையில் வேகமாக உலரும் என்பதுதான். 1927 மே மாதம் ஒன்றரைக் கோடியாவது மாடல் டியோடு அந்தக் காரை நிறுத்தினார்கள். புதிய காருக்கு ஆலையை மாற்றியமைக்க மாதக்கணக்கில் மூடிவைக்க வேண்டியிருந்தது. ஒரே காரைச் செய்ய என்றே கட்டிய இயந்திரங்கள் வேறு காருக்கு உதவவில்லை.

கார் இழுத்துச் சென்றவை

ஒரு கார் விற்றால் அதன் பின்னால் பல தொழில்கள் ஓடும். அந்நாளில் அமெரிக்காவில் செலவான ரப்பரில் ஐந்தில் நான்கு பங்கும், தட்டுக் கண்ணாடியில் நான்கில் மூன்று பங்கும், எஃகில் ஐந்தில் ஒரு பங்கும் கார்த்தொழிலுக்கே போயின. 1921ல் கூட்டரசின் நெடுஞ்சாலைச் சட்டம் வந்தது. ஆரெகன் மாநிலம் 1919ல் தொடங்கிவைத்த பெட்ரோல் வரியை 1929க்குள் எல்லா மாநிலங்களும் எடுத்துக்கொண்டன. கார் ஓட்டுபவர் கட்டும் வரியில் சாலை, சாலை வந்ததும் இன்னும் கார்.

வீட்டுக்குள் மின்சாரம் அதே வேலையைச் செய்தது. 1920ல் மூன்றில் ஒரு வீட்டில் இருந்த மின்சாரம் 1930ல் மூன்றில் இரண்டு வீட்டுக்கு வந்தது. கம்பி வந்த வீட்டில் முதலில் இஸ்திரிப்பெட்டி, பிறகு சலவை இயந்திரம், தூசி உறிஞ்சி. பிட்ஸ்பர்க்கின் கேடிகேஏ வானொலி 1920 நவம்பரில் தேர்தல் முடிவை ஒலிபரப்பியது. பத்து ஆண்டில் பத்தில் நான்கு குடும்பங்களிடம் ரேடியோ இருந்தது. இவையும் பெரும்பாலும் தவணைதான்.

ரப்பர் விஷயத்தில் இந்தக் கதை தமிழர்களைத் தொடுகிறது. டெட்ராய்ட் கார்களின் டயருக்கு வேண்டிய ரப்பரில் பெரும்பங்கு மலாயா, இலங்கைத் தோட்டங்களிலிருந்து வந்தது. அங்கே பால் வெட்டியவர்களில் மிகப் பலர் தமிழ்நாட்டு மாவட்டங்களிலிருந்து கங்காணிகள் மூலம் கப்பலேறியவர்கள். 1922ல் பிரிட்டிஷ் அரசு ஸ்டீவன்சன் திட்டம் என்ற ஏற்றுமதிக் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்து விலையைத் தூக்கியது. 1925ல் ஒரு பவுண்டு எடை ரப்பரின் விலை ஒரு டாலரைத் தாண்டியது. பதறிய ஃபயர்ஸ்டோன் 1926ல் லைபீரியாவில் 10 லட்சம் ஏக்கரை 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுத்தது. ஃபோர்டு பிரேசில் காட்டுக்குள் தோட்டம் போடப் போனார். டச்சு ஆட்சியில் இருந்த சுமத்ரா, போர்னியோ சிறு விவசாயிகள் கட்டுப்பாடு இல்லாமல் நட்டுத் தள்ளினார்கள். 1928ல் திட்டம் கைவிடப்பட்டது.

யாருக்குக் கிடைக்கவில்லை

அமெரிக்க மக்களில் ஏறக்குறைய நால்வரில் ஒருவர் பண்ணையில் வாழ்ந்தார். அவர்களுக்கு இந்தப் பத்தாண்டு செழிப்பே அல்ல. போர்க்காலத்தில் ஐரோப்பா வாங்கிய கோதுமைக்கு 1919ல் புஷலுக்கு (அமெரிக்கத் தானிய அளவு) 2 டாலருக்கு மேல் கிடைத்தது. அந்த நம்பிக்கையில் கடன் வாங்கி நிலம் வாங்கினார்கள். 1921ல் விலை ஒரு டாலருக்கு இறங்கியது, கடன் அப்படியே நின்றது. டிராக்டரும் லாரியும் இன்னொரு வகையில் அடித்தன. 1920ல் பண்ணைகளில் இரண்டரைக் கோடிக்கு மேல் இருந்த குதிரைகளும் கோவேறு கழுதைகளும் பத்து ஆண்டில் 60 லட்சத்துக்கு மேல் குறைந்தன. அவற்றுக்குத் தீவனம் விளைந்த நிலத்திலும் மனிதருக்கு விற்கும் பயிர் வந்தது. சந்தையில் ஏற்கெனவே தேக்கம், விலை இன்னும் சரிவு. விவசாயி கட்டமுடியாத கடனால் கிராமத்து வங்கிகள் சாய்ந்தன. 1921க்கும் 1929க்கும் இடையில் 5,000க்கு மேற்பட்ட வங்கிகள் மூடின. 1930ல்கூட பத்தில் ஒரு பண்ணைவீட்டில்தான் மின்சாரம் இருந்தது. நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர், நெசவாலைத் தொழிலாளர், தென் மாநிலங்களின் கறுப்பினக் குத்தகை விவசாயிகள் நிலையும் இதேதான்.

மறுபக்கம், நிதியமைச்சர் ஆண்ட்ரூ மெல்லன் காலத்தில் உச்ச வருமான வரி 73 சதவீதத்திலிருந்து 25 சதவீதத்துக்கு இறங்கியது. ஆலையில் ஒரு மணி நேர உற்பத்தி ஏறிய வேகத்தில் கூலி ஏறவில்லை. வித்தியாசம் லாபமாக மேலே சேர்ந்தது. மேல்தட்டு 1 சதவீதத்தினர் 1928ல் மொத்த வருமானத்தில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் எடுத்துக்கொண்டார்கள். லைன் செய்து தள்ளும் பொருளை வாங்கவேண்டிய கோடிக்கணக்கான கைகளில் பணம் போதவில்லை. அந்தக் குறையைத்தான் தவணை மூடிவைத்திருந்தது.

கடலுக்கு அப்பாலும் எல்லோருக்கும் இது வரவில்லை. 1925ல் தன் நாணயத்தைப் பழைய மதிப்பிலேயே தங்கத்தோடு பிணைக்கும் தங்கத் தர முறைக்குத் திரும்பிய பிரிட்டனில், பத்தாண்டின் பெரும்பகுதி 10 லட்சம் பேருக்குக் குறையாமல் வேலையில்லாமல் இருந்தார்கள்.

ஏன் நின்றது

இதைப் புரிந்துகொள்ள ஒரு கற்பனை ஊரை எடுத்துக்கொள்வோம். கார் வாங்கும் வசதி உள்ள குடும்பங்கள் 960. ஒரு கார் 8 ஆண்டு ஓடும். ஆண்டுக்கு 80 குடும்பங்கள் புதிதாக வாங்குகின்றன. முதல் 8 ஆண்டுகளில் விற்பனை ஆண்டுக்கு 80. ஒன்பதாம் ஆண்டில் முதலில் வாங்கிய 80 பேர் மாற்றுக் கார் கேட்பார்கள், புதியவர்கள் 80 பேர் வருவார்கள், ஆக 160. ஆலைக்கு ஒரே கொண்டாட்டம். இன்னொரு லைன் போடுவார்கள், ஆள் எடுப்பார்கள். 12ஆம் ஆண்டு முடியும்போது 960 குடும்பங்களிடமும் கார் இருக்கும். 13ஆம் ஆண்டில் புதியவர் யாரும் இல்லை. மாற்றுபவர்கள் 80 பேர் மட்டும். விற்பனை பாதி.

இந்த ஊரில் யாருக்கும் வருமானம் குறையவில்லை, யாரும் தவறு செய்யவில்லை. புதிதாக வாங்குபவர் தீர்ந்துபோனார்கள், அவ்வளவுதான். ஆனாலும் பாதித் தொழிலாளர்கள் வீட்டுக்குப் போக வேண்டும். அதோடு, மாற்றவேண்டியவரும் 'இன்னும் ஒரு வருடம் ரிப்பேர் செய்து ஓட்டிக்கொள்கிறேன்' என்று சொல்லிவிட முடியும். அரிசி வாங்குவதை அப்படித் தள்ளிப்போட முடியாது. நீடித்து உழைக்கும் பொருளை நம்பி ஓடும் செழிப்புக்கு இந்தப் பலவீனம் பிறவியிலேயே உண்டு.

தவணைக் கடனும் இதே குணம் கொண்டது. மக்களின் மொத்தக் கடன் ஆண்டுக்கு ஆண்டு வளரும்வரை, வருமானத்துக்கு மேல் செலவு நடக்கும். கடன் குறையவே வேண்டாம், வளர்வது நின்றாலே போதும், அந்த உபரிச் செலவு மறைந்துவிடும். வருமானத்தோடு ஒப்பிட்டால் வீட்டுக்கடன் நீங்கலான மக்கள் கடன் அந்தப் பத்தாண்டில் ஏறக்குறைய இரட்டிப்பானது. அதே வேகத்தில் என்றென்றும் ஏறிக்கொண்டே போக இடமில்லை.

முதலில் தளர்ந்தது வீடு. 1925ல் ஆண்டுக்கு 9 லட்சத்துக்கு மேல் புதிய வீடுகள் கட்டத் தொடங்கிய நாட்டில், அதற்குப் பிறகு எண்ணிக்கை இறங்கிக்கொண்டே வந்தது. ஃபுளோரிடாவில் 10 சதவீத முன்பணச் சீட்டைக் கைமாற்றி மனை வியாபாரம் செய்த வெறியும் 1926ல் அடங்கியது. அந்த செப்டம்பரில் மியாமியைத் தாக்கிய புயல் மிச்சத்தை முடித்தது.

லாபப் பணமோ பங்குச்சந்தைக்குப் போனது. அங்கேயும் தவணையின் உறவுக்கார முறைதான், அதற்குப் பெயர் மார்ஜின். 10,000 டாலர் பங்கை 2,500 சொந்தப் பணம், 7,500 தரகர் கடன் என்று வாங்கினால், விலை 25 சதவீதம் ஏறும்போது உங்கள் பணம் இரட்டிப்பு. 25 சதவீதம் இறங்கினால் முழுவதும் போச்சு. அதுவரைகூடத் தரகர் காத்திருக்கமாட்டார், பாதி வழியிலேயே இன்னும் பணம் கட்டு என்பார். கட்டாவிட்டால் பங்கை விற்றுவிடுவார். பலருடைய பங்கு ஒரே நேரத்தில் விற்பனைக்கு வந்தால் விலை இன்னும் சரியும், அடுத்த வரிசையும் விற்க வேண்டிவரும். 1929 இலையுதிர்காலத்தில் தரகர் கடன் 800 கோடி டாலரைத் தாண்டியிருந்தது. இத்தனைக்கும் 12 கோடி மக்களில் மார்ஜின் கணக்கு வைத்திருந்தவர்கள் 6 லட்சம் அளவுதான்.

சூதாட்டத்தை அடக்க அமெரிக்காவின் மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் 1928ல் வட்டியை 5 சதவீதத்துக்கும் 1929 ஆகஸ்டில் 6 சதவீதத்துக்கும் ஏற்றியது. கார் உற்பத்தி கோடையிலேயே இறங்கத் தொடங்கிவிட்டது. முக்கியப் பங்குகளின் விலைப்போக்கைக் காட்டும் டௌ ஜோன்ஸ் குறியீடு செப்டம்பர் 3 அன்று 381 தொட்டது, அக்டோபர் 28, 29 இரண்டு நாளில் மட்டும் கால்பங்குக்கு அருகில் இழந்தது, 1932 ஜூலையில் 41ல் வந்து நின்றது. ஆகவே பங்குச்சந்தை விழுந்ததால் செழிப்பு நின்றது என்று சொல்வது வரிசையைத் தலைகீழாக்குவது. அடியில் இருந்த இயந்திரம் முன்பே மூச்சு வாங்கத் தொடங்கியிருந்தது.

சரிவு அவ்வளவு ஆழமாகப் போனதில் தவணை ஒப்பந்தத்தின் ஒரு விதிக்குப் பங்கு உண்டு. மேலே சொன்ன 600 டாலர் காரையே எடுத்துக்கொள்ளுங்கள். முன்பணம் 200, எட்டுத் தவணை 296, இதுவரை 496 டாலர் கட்டியாயிற்று. இன்னும் நான்கு தவணை. இப்போது ஒரு தவணை தவறினால் காரை எடுத்துக்கொண்டு போய்விடுவார்கள், கட்டிய பணத்தில் பைசா திரும்பாது. வேலை போய்விடுமோ என்று பயந்த குடும்பம் என்ன செய்யும்? காரை விடாது. புதுச் செருப்பை, துணியை, நாற்காலியைத் தள்ளிப்போடும். 1930ல் கடைகளில் விற்பனை சரிந்ததற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். செருப்பு விற்காததால் செருப்பாலை ஆட்களைக் குறைத்தது. அவர்களும் தவணை கட்டிக்கொண்டிருந்தவர்கள்தான்.

1929ல் காரும் லாரியுமாக 53 லட்சம் வண்டிகள் செய்த நாடு 1932ல் 13 லட்சம் செய்தது. ஆலையின் நிலைச்செலவோ அப்படியே இருந்தது. டெட்ராய்டில் லைன் நின்றதும் மலாயாவில் ரப்பர் விலை பவுண்டுக்குச் சில சென்டுகளுக்கு விழுந்தது. தோட்டங்கள் கூலியை வெட்டின, மரங்களில் பால் வெட்டாமல் விட்டன. 1930 முதல் சில ஆண்டுகளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் மலாயாவிலிருந்து இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார்கள், அவர்களில் மிகப் பெரும்பாலோர் தமிழர்கள்.

பின்னர் அமெரிக்க அரசு செய்த திருத்தங்களைப் பார்த்தால் எந்தெந்த ஆணி கழன்றது என்பது தெளிவாகும். 1933ல் வங்கி வைப்புக்குக் காப்பீடு வந்தது, பயிருக்கு விலை ஆதரவு வந்தது. 1934ல் மார்ஜின் கடனுக்கு வரம்பு விதிக்கும் அதிகாரம் ஃபெடரல் ரிசர்வுக்குக் கிடைத்தது. 1920களின் வீட்டுக்கடனில் வட்டியை மட்டும் கட்டிவிட்டு, ஐந்தாண்டு அளவில் அசலை ஒரேயடியாகத் திருப்ப வேண்டிய வழக்கம் பரவலாக இருந்தது. 1934க்குப் பிறகு அரசு உத்தரவாதத்தோடு அசலும் வட்டியும் சேர்த்து மாதாமாதம் கரையும் நீண்டகாலக் கடன் வந்தது. 1935ல் கிராம மின்மய அமைப்பு தொடங்கி, தனியார் கம்பெனிகள் போகாத பண்ணைகளுக்குக் கூட்டுறவுச் சங்கங்கள் மூலம் கம்பி இழுத்தது. 1938ல் குறைந்தபட்சக் கூலிச் சட்டம் வந்தது, மணிக்கு 25 சென்ட்.